ஓய்வுநாள் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

நீளமான பதிவு இது. ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை, பாதியை இன்று படித்துவிட்டு மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் செய்ததுபோல் நடுவில் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

குமாரபாளையம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "டீச்சர், ஞாயித்துக்கிழமை காலைல நான் குடும்பத்தோட சர்ச்சுக்குப் போயிடறேனுங்க. தறி அது பாட்டுக்கு ஓடீட்டு இருக்கும். நான் கை வெக்கறதில்லீங்க. அது ஓய்வுநாளை மீறுன மாதிரி ஆகுங்களா?"

அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே கேள்வி கோழிப்பண்ணைக்காரர்களுக்கும், லாரி வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளை விடுதியில் சேர்த்திருப்பவர்களுக்கும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவரல்லாத பிள்ளைகளும் படிக்கலாம். இதில் வேதம் கொஞ்சம், சட்டம் கொஞ்சம், நான் உங்களுக்கு நடத்திய அறிவியலும் கொஞ்சம் வரும்.

என் பதில் இதுதான்: ஆகும், கண்ணு. தறியில் உன் கை படவில்லை என்பதை ஓய்வுநாள் கட்டளை கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஓடுவது யாருடைய தறி, அதை ஓட்டுகிறவன் ஓய்ந்தானா என்றுதான் அது பார்க்கிறது.

பத்துக் கட்டளைகளை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த உறவுகள் எல்லோரும் ஒருமுறை அந்த நாலாம் கட்டளையை எடுத்து மெதுவாகப் படித்துப் பாருங்கள். மற்ற கட்டளைகளில் பல தனி ஆளைப் பார்த்துச் சுருக்கமாகப் பேசுகின்றன: கொல்லாதே, திருடாதே. இந்தக் கட்டளை மட்டும் நின்று நிதானமாக ஒரு வருகைப் பதிவேடு போல ஆட்களை வரிசையாகக் கூப்பிடுகிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊர் வாசலுக்குள் வந்து தங்கியிருக்கும் அந்நியன் வரை. ஓய்வு உனக்கு மட்டும் என்றால் 'நீ' என்ற ஒரே சொல் போதுமே. வேலைக்காரனும் அந்நியனும் ஏன் வர வேண்டும்? அவர்களாக ஓய்வு எடுத்துக்கொள்ள முடியாது என்பதால்தான். நீ விட்டால்தான் அவர்கள் உட்கார முடியும். ஆகவே கட்டளை யாருடைய கையில் ஆட்கள் இருக்கிறார்களோ அவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

இந்தக் கட்டளை வேதாகமத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் சொல்லும் காரணம், கடவுள் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது. அதைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் மாறிவிடுகிறது. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துப் பார், உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் ஓய்ந்திருக்கட்டும் என்கிறது. எகிப்தில் அவர்கள் செய்த வேலை என்ன? செங்கல் அறுத்தார்கள். ஆராதனைக்குப் போக மூன்று நாள் கேட்டதற்கு, வேலை இல்லாததால்தான் சாமி கும்பிடக் கேட்கிறார்கள் என்று சொல்லி, வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்காமல் வாங்கினான் பார்வோன். சூளை வேலை பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களிடம் இந்தக் கதையை விளக்கவே தேவையில்லை. அப்படி வந்த ஜனத்துக்குக் கிடைத்த முதல் சலுகை வாரத்தில் ஒரு நாள். அதை வாங்கிக்கொண்டு தனக்குக் கீழே உள்ளவனுக்குக் கொடுக்காதவன் மறுபடி பார்வோன் ஆகிவிடுகிறான். நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், உபாகமம் அப்படித்தான் பேசுகிறது.

நம் பக்கத்து நிலவரத்துக்கு வருவோம். சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்களைப்போல உழைப்பவர்கள் கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். மழை குறைந்த மண். ஆற்றுப்பாசனம் எல்லோருக்கும் கிடையாது. அதனால் ஆளாளுக்கு ஒரு தொழிலைப் பிடித்தார்கள். நாமக்கல்லில் கோழியும் லாரி பாடி கட்டும் பட்டறையும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியில் லாரி, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி, சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலையும் வெள்ளிக்கொலுசும். யாரும் கொடுக்கவில்லை, நாமே உண்டாக்கிக்கொண்டோம். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சும்மா இருக்கும் ஆளைக் கண்டால் நமக்குப் பொறுக்காது. 'வெட்டியா உக்காந்திருக்கான்' என்ற சொல்லை நம் ஊரில் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்!

பழைய காலத்தில் இப்படி இல்லை. அமாவாசை அன்று ஏர் பூட்ட மாட்டார்கள். கைத்தறி நெசவாளர்களுக்கு அமாவாசை விடுமுறை. கொத்தனார், ஆசாரி பலருக்கும் அன்றைக்குத்தான் லீவு. இன்றும் சில இடங்களில் அப்படியே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நாள்தான், குறைவுதான். ஆனாலும் அன்றைக்கு முதலாளி கூப்பிட மாட்டார், கூப்பிட்டாலும் இவன் போக மாட்டான். சாமி பேரால் வந்த விடுமுறை என்பதால் அதற்கு ஒரு பலம் இருந்தது. விசைத்தறி வந்தபிறகு பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று பன்னிரண்டு மணி நேரமாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். மோட்டாருக்கு அமாவாசை தெரியாது.

கோழியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். முட்டைக்கோழிக்கு வெளிச்சம் இருந்தால்தான் முட்டை வரும் என்பதால் பண்ணையில் விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். மீதி 8 மணி நேரம் இருட்டு விட்டுத்தான் ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் கோழி கெட்டுப்போகும் என்று பண்ணைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அந்த இருட்டில் கை வைக்க மாட்டார். பண்ணையில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பையனுக்கு வாரத்தில் ஒரு நாள் உண்டா என்று கேட்டால், "அவனுக்கு இங்க என்னங்க டீச்சர், ஊரா உறவா, லீவு குடுத்தா எங்க போவான்" என்கிறார்கள். கட்டளையில் 'உன் வாசல்களில் இருக்கும் அந்நியன்' என்று வருவது இவனைத்தான். அவன் எங்கே போவான் என்பது நம் கவலை இல்லை. படுத்துத் தூங்குவான், ஒடிசாவில் இருக்கும் அம்மாவிடம் வீடியோவில் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, கிறிஸ்தவர்களுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அலுவலகங்களுக்கு அப்படி இருக்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு அப்படி வரவில்லை. பம்பாய் பஞ்சாலைகளில் வாரம் ஏழு நாளும் வேலை. அங்கே நாராயண் மேகாஜி லோக்கண்டே என்பவர், ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர், 1884இல் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். கண்டோபா சாமிக்கு உகந்த நாள் ஞாயிறு, ஆகவே ஞாயிறே விடுமுறையாக இருக்கட்டும் என்பதும் அவர்கள் வாதங்களில் ஒன்று. ஆறு வருடம் இழுத்து 1890 ஜூன் 10ஆம் தேதி ஆலை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம், 1891இல், தொழிற்சாலைச் சட்டத்திலேயே வார விடுமுறை வந்துவிட்டது. ஞாயிறு ஞாயிறாகச் சர்ச்சில் உட்காரும் நாம், நம் மதத்தைச் சேராத அந்தப் பஞ்சாலைத் தொழிலாளிகளுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

சுதந்திர இந்தியாவின் 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு வார விடுமுறையைப் பற்றியது. ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முன்பின் மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டும் என்று அது சொன்னது. எப்படிச் சுற்றினாலும் ஒரு முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. லாரி, பஸ் தொழிலாளிகளுக்கு 1961இல் தனிச் சட்டமே வந்தது, அதிலும் வாரம் ஒரு நாள் ஓய்வு இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலைச் சட்டம் எழுதப்பட்டபோதே, மின்சாரத்தில் ஓடும் கூடமாக இருந்தாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால் தொழிற்சாலை ஆகாது என்று கோடு போட்டுவிட்டார்கள். வீட்டை ஒட்டிய சின்னத் தறிக்கூடம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே. பெரிய கூடத்தைக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பெயரில் பிரித்து எழுதினால் அதுவும் வெளியே. சட்டம் போகாத இடத்தில்தான் மனசாட்சிக்கு வேலை.

இந்த வருடங்களில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர், ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே, வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசியது உங்கள் போனுக்கெல்லாம் வந்திருக்கும். ஐடி கம்பெனியில் இருக்கும் என் மாணவர்கள் அதைக் கிண்டலடித்துப் பதிவு போட்டீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பையனுக்கு 'நாளைக்கு ரெடியா' என்று செய்தி அனுப்புகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்தானே?

இனி அறிவியல். கொல்லிமலையில் 1914இல் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரிகள். மலையில் ரோடு இல்லாத காலம், மலைக்காய்ச்சல் ஆளைக் கொல்லும் காலம். தகப்பனாரும் 1929இல் அந்தக் காய்ச்சலில்தான் இறந்தார். அந்தப் பிள்ளைதான் பிற்பாடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்து உலகப்புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட். நம் மாவட்டத்து மலையில் பிறந்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது, வலி தெரியாததால் அந்த ஆள் தன் கையையும் காலையும் தானே தேய்த்து அழித்துக்கொள்கிறான் என்று காட்டினார் பிராண்ட். நாம் வெகுதூரம் நடந்தால் நமக்குத் தெரியாமலே நடையை மாற்றிக்கொள்வோம். குதிகாலை ஊன்றுவோம், ஓரத்தை ஊன்றுவோம், கொஞ்சம் நொண்டுவோம், கல்லைப் பார்த்து உட்காருவோம். உணர்ச்சி இல்லாத காலுக்கு இது ஒன்றும் கிடையாது. முதல் மைலில் எப்படி நடந்ததோ அப்படியேதான் ஐந்தாம் மைலிலும் நடக்கும். அதே இடத்தில் அதே அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகிவிடும்.

அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபிறகு இதைச் சோதனையாகவும் செய்து பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்த எலியின் பாதத்தில், ஒரு தடவை பட்டால் ஒன்றும் செய்யாத அளவு மெல்லிய அழுத்தத்தை ஆயிரக்கணக்கான தடவை தினமும் கொடுத்தார்கள். சில நாளில் பாதம் வீங்கிப் புண்ணாகிவிட்டது. பிறகு எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, வாரக் கடைசியில் எலிக்கு ஓய்வும் விட்டுச் செய்தார்கள். புண் வரவில்லை. அது மட்டுமா, அந்த இடம் தடித்து முன்னைவிட வலுவாகவே ஆனது. எவ்வளவு பலமாக அடித்தோம் என்பதைவிட, இடையில் விட்டோமா என்பதுதான் புண்ணையும் வலுவையும் தீர்மானித்தது. பத்தாம் வகுப்பில் இதைப் பாடமாக வைத்தால் நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

தறிக்காரர்களிடம், "பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே, அந்தச் சத்தத்துல எப்படி முடியுது?" என்று கேட்டால், "பழகிருச்சுங்க டீச்சர்" என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பிராண்ட் டாக்டர் ஞாபகம்தான் வரும். பழகிவிட்டது என்றால் நரம்பு சொல்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். காது மந்தமான தறிக்காரர்கள் நம் ஊரில் வீதிக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

டாக்டரின் தாயாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம் சபை மக்கள் யாராவது பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் ஈவ்லின் அம்மையார் மலையை விடவில்லை. இடுப்பு உடைந்தும், மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாகப் போனார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். "அந்தம்மா ஓய்வெடுத்தாங்களா?" என்று மேடையில் கேட்கிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டியம்மாளை யாரும் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடவில்லை. விரும்பி உழைக்கிறவரின் கதையை எடுத்து, வேறு வழி இல்லாமல் உழைக்கிறவன் தலையில் வைப்பது நியாயமில்லை. ஊழியம் என்ற பெயரில் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்து நாற்காலி போட்டு, இரவு எட்டு மணிக்கு எடுத்து வைத்துப் பூட்டிக்கொண்டு போகும் சர்ச் பணியாளர்களுக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று கமிட்டியில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்களேன்.

எந்த நாள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் பிரகாசபுரம், மூக்குப்பீறிப் பக்கம், நாசரேத் மிஷனோடு பிணங்கிப் பிரிந்து அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை 1857இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை, சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாகக் கொண்டது. வெள்ளைக்காரப் பாதிரியார் சொன்னதற்காக அல்ல, வேதத்தைத் தாமே வாசித்து முடிவு செய்தார்கள். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஞாயிறைச் சட்டமாக்கியது ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், கி.பி. 321இல். அந்த ஆணையில் நகரத்தாருக்கு ஓய்வு, நாட்டுப்புறத்தில் உழவு செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு! விதைப்புக் காலம் தவறிவிடுமாம். அன்றைக்கே ஏர் பிடித்தவன் வெளியே விடப்பட்டான் பார்த்தீர்களா. மோசேயின் கட்டளையில் அவனும் உண்டு, அவன் மாடும் உண்டு.

இயேசு ஓய்வுநாளைத் தளர்த்திவிட்டாரே, அதனால் நமக்குக் கட்டாயம் இல்லையே என்பது அடுத்த வாதம். லூக்கா 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 18 வருடம் கூனிப்போய் நிமிர முடியாத பெண்ணை அவர் ஓய்வுநாளில் நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம், வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாளில் வந்து குணமாகலாமே என்கிறான். அதற்கு அவர், உங்கள் மாட்டை ஓய்வுநாளில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று கேட்கிறார். ஓய்வுநாளில் செய்யத் தகுந்த வேலை அவிழ்த்து விடுவது. கட்டுவதற்கு அனுமதி அங்கே எங்கே இருக்கிறது? கோழிக்குத் தண்ணீர் வைக்கத்தான் வேண்டும், ஆஸ்பத்திரியில் நர்ஸ் நிற்கத்தான் வேண்டும். முறை வைத்துக்கொண்டு ஆள் மாற்றிச் செய்யுங்கள், அவருக்கு வேறொரு நாள் கொடுங்கள். அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. தறிக்குத் தாகம் எடுக்காது.

பணக் கணக்குதான் உண்மையான தடை, அதைத் தாண்டிப் பேசினால் நான் உபதேசம் செய்கிறவளாகிவிடுவேன். நம் மாணவர் சொன்னார்: "மாசம் நாலு நாள் நிறுத்துனா எனக்கு மட்டும் இல்லீங்க, ஓட்டறவனுக்கும் கூலி போச்சு. மீட்டர் கணக்குலதான் கூலி. அவனே லீவு வேண்டாங்கறான். பேங்க் தவணைக்கும் ஞாயித்துக்கிழமை கிடையாதுங்களே." மூன்றும் உண்மை. சட்டம் கொடுக்கும் வார விடுமுறைக்குக் கூலி உண்டு என்று சட்டம் சொல்லவில்லை. கூலி இல்லாத விடுமுறை, அடுப்பு எரியாத விடுமுறை. அதை யார் கேட்பார்கள்? அதிலும் முன்பணம் வாங்கியவன் வாயைத் திறக்கவே மாட்டான், ஒரு நாள் நின்றால் பாக்கி இன்னும் ஒரு நாள் நீளும்.

இங்கேதான் எனக்கு மன்னாவின் கதை பிடிபடுகிறது. வனாந்தரத்தில் தினமும் அன்றன்றைக்கு வேண்டிய உணவு விழுந்தது. மிச்சம் பிடித்து வைத்தால் புழுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு நாளைக்கு விழுந்தது, அது மட்டும் கெடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதை அற்புதம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். கூலி கொடுக்கிற இடத்திலிருந்து அதைப் பாருங்கள். ஏழாம் நாள் வேலைக்கு வராதே என்று சொன்னவர், ஏழாம் நாள் சாப்பாட்டை ஆறாம் நாளிலேயே கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். ஓய்வு கொடுப்பது என்றால் அது. பணத்தைக் கொடுக்காமல் 'நாளைக்கு வராதே' என்பதற்கு நம் ஊரில் வேறு பெயர்.

விசுவாசம் என்று மேடையில் பேசுகிறோமே, அது பரீட்சைக்கு வருவதும் இங்கேதான். சனிக்கிழமை கூலி போடும்போது ஓடாத நாளுக்கும் சேர்த்து ஏதாவது போட்டால் நான் முழுகிவிட மாட்டேன் என்று நம்புவது. தறியை நிறுத்திவிட்டுத் தூங்கும் இரவில், பக்கத்துக் கூடத்தில் தறி ஓடும் சத்தம் காதில் விழும்போதும் எழுந்து போய் மோட்டாரைப் போடாமல் இருப்பது. ஆமோஸ் தீர்க்கதரிசி காலத்து வியாபாரிகளும் ஓய்வுநாளில் கடையை மூடத்தான் செய்தார்கள். ஆனால் எப்போது முடியும், எப்போது திறந்து தானியம் விற்கலாம் என்று மனதுக்குள் துடித்துக்கொண்டே இருந்தார்கள். கடை மூடியும் ஓய்வு வரவில்லை.

முழுதாக முடியாவிட்டால், மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு ஷிப்டும் நிறுத்தி, கூலியோடு ஆரம்பி என்று அவரிடம் சொன்னேன். ஒரு நாளில் எவ்வளவு போகிறது என்று நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். அறிவியல் டீச்சர் அல்லவா, பதிவேடு இல்லாமல் விட மனம் வரவில்லை.

பிள்ளைகள் விஷயம். நாமக்கல் விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்த காலம் நமக்குத் தெரியும். 2017இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, அதே வருடம் நீட்டும் வந்தது. ரேங்க் பலகைகள் போய் நீட் பலகைகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு மட்டும் போகவில்லை. என் உறவில் ஒரு பெண் குழந்தை அப்படி ஒரு விடுதியில் இருந்தாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். காலை ஐந்தரைக்குப் படிக்க உட்கார வேண்டும், ஞாயிறு காலை மாதிரித் தேர்வு, மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். பார்க்கப் போனபோது நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடாமல், காரின் பின் சீட்டில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். அவள் அம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாய் தகப்பன் இரண்டு பேரும் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்கள். கட்டளையின் பட்டியலில் 'நீ' என்பதற்கு அடுத்த சொல்லே மகன், மகள்தான் என்பதை அவர்களுக்கு அன்றைக்கே சொன்னேன். பிள்ளை பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஞாயிறு சர்ச்சுக்கே வேண்டாம், டியூஷனுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆறு நாள் படித்து வராத மதிப்பெண் ஏழாம் நாளில் வந்து நான் பார்த்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

கடைசியாக நம் வீடு. அந்தப் பட்டியலில் மனைவி என்ற சொல் இல்லையே டீச்சர் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 'நீ' என்பதிலேயே கணவன் மனைவி இரண்டு பேரும் அடக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகப் படுகிறது. ஆனால் நம் வீடுகளில் ஞாயிறுதான் பெண்களுக்கு வாரத்திலேயே பெரிய வேலை நாள். விடியற்காலை எழுந்து மசாலா அரைத்து, கறி வாங்கிவரச் சொல்லி, பாதி வேகவைத்து மூடிவிட்டுச் சர்ச்சுக்கு ஓடி, பிரசங்கத்தின் நடுவே அடுப்பை அணைத்தோமா என்று யோசித்து, வந்து தாளித்து, பத்துப் பேருக்குப் போட்டு, பாத்திரம் கழுவி நிமிரும்போது மணி நாலு. ஆண்கள் தூங்கி எழுந்து காபி கேட்கும் நேரம்.

என் அம்மா சனிக்கிழமை சாயங்காலமே புளிக்குழம்பு வைத்துவிடுவார். ஞாயிறு சோறு மட்டும்தான் வடிப்பது. ஞாயிறு கறி எடுக்காத வீடு என்று உறவில் கேலி செய்வார்கள், கஞ்சத்தனம் என்றுகூடச் சொன்னார்கள். அம்மா மத்தியானம் பாய் விரித்துப் படுத்து எங்களுக்குக் கதை சொன்னது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், மற்ற ஆறு நாளும் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. மருமகன்களே, மாப்பிள்ளைகளே, ஞாயிறு கறி வேண்டுமானால் நீங்கள் வையுங்கள். வெங்காயம் உரிக்கத் தெரியாதவன் ஒருவனும் என் வகுப்பில் படிக்கவில்லை, பள்ளி முகாமில் எல்லோரும் உரித்திருக்கிறீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிறு லீவு, சம்பளம் பிடிக்கக் கூடாது. இதில் என்னோடு வாதம் வேண்டாம்.

மற்றதில் வாதம் செய்யலாம். தறிக்காரர்கள், பண்ணைக்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் உங்கள் கணக்கை எழுதுங்கள், நான் நேர்மையாகப் படிக்கிறேன். பதிலைத் திங்கட்கிழமை எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி போனை அணைத்துப் பீரோவில் வைத்தால் திங்கள் காலைதான் எடுப்பேன். அவசரம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் உறவுகளிடம் இருக்கிறது.